பரிசோதனைக்குத் தப்பிய விரிசல்: 1986 ஷெட்லாந்து சினூக் விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

1986 நவம்பர் 6 அன்று, பிரிட்டனின் ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே சினூக் வகைப் பயணிகள் ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்தது. அதில் இருந்த 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். பிரிட்டனின் சிவிலியன் ஹெலிகாப்டர் வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை. வானிலையோ விமானியின் தவறோ காரணம் இல்லை. கியர்பாக்ஸுக்குள் இருந்த ஒரே ஒரு பற்சக்கரம் விரிசல் விட்டு உடைந்தது.

இந்த நிகழ்வைப் படித்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பற்சக்கரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அதைவிட அதிகம் யோசிப்பது வேறொன்றைப் பற்றி. அந்தப் பாகம் கடுமையான பரிசோதனைத் திட்டத்தின் கீழ் இருந்தது. கவனிக்காமல் விடப்பட்ட மூலை அல்ல அது. திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட இடம். அப்படிப் பார்த்தும் விரிசல் எப்படித் தப்பியது என்பதுதான் இயந்திரப் பராமரிப்பில் இருக்கும் யாருக்கும் பாடமாக வேண்டிய பகுதி. விமானிகள், பயணிகள் யாருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

ஹெலிகாப்டரை இயக்கிய நிறுவனத்தின் பின்னணி

பிரிட்டிஷ் ஐரோப்பியன் ஏர்வேஸ் என்ற அரசு விமான நிறுவனம் 1947-இலேயே ஹெலிகாப்டர்களைச் சோதிக்க ஒரு சிறு பிரிவைத் தொடங்கியது. 1950-இல் கார்டிஃப், ரெக்ஸம், லிவர்பூல் நகரங்களுக்கு இடையே கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் சென்றது அந்தப் பிரிவுதான். ஹெலிகாப்டரில் டிக்கெட் வாங்கிப் போவது என்பதே அன்று புதுமை. 1964-இல் இந்தப் பிரிவு தனி நிறுவனமானது. அதே ஆண்டு, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள பென்சான்ஸிலிருந்து சில்லித் தீவுகளுக்கு சிகார்ஸ்கி எஸ்-61என் ஹெலிகாப்டர்களை இயக்கத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக அந்தத் தடம் ஓடியது. தீவு மக்களுக்கு அது பேருந்து மாதிரி. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் திருமணத்துக்கும் அதில்தான் போனார்கள்.

1970-களில் பெயர் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹெலிகாப்டர்ஸ் ஆனது. அதற்குள் வட கடலில் எண்ணெய் கிடைத்துவிட்டது. நிறுவனத்தின் வருமானம் சுற்றுலாப் பயணிகளிடமிருந்து எண்ணெய்த் தொழிலாளர்கள் பக்கம் நகர்ந்தது. 1986-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன்னைத் தனியார்மயத்துக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்த சமயம், ஹெலிகாப்டர் பிரிவை பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லின் குழுமத்துக்கு விற்றது. பெயர் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் ஹெலிகாப்டர்ஸ் என்று மாறியது. விபத்து நடந்தபோது இந்தப் புதுப் பெயருக்கு வயது சில வாரங்கள்தான்.

சினூக் ஏன் வந்தது

ஷெல் நிறுவனம் 1971-இல் கண்டுபிடித்த பிரென்ட் எண்ணெய் வயல், ஷெட்லாந்துக்கும் வடகிழக்கே நடுக்கடலில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். எஸ்-61என் ஹெலிகாப்டரால் முழுச் சுமையோடு அவ்வளவு தூரம் போக முடியாது. அதனால் தொழிலாளர்கள் அபர்டீனிலிருந்து விமானத்தில் ஷெட்லாந்தின் தென்முனையில் உள்ள சம்பர்க் வந்து, அங்கே ஹெலிகாப்டருக்கு மாறினார்கள். பனிமூட்டம் வந்தால் சம்பர்க்கில் ஆட்கள் தேங்கிவிடுவார்கள்.

இதற்கு விடையாக வந்தது போயிங் வெர்ட்டால் 234. ராணுவச் சினூக்கைப் பயணிகளுக்காக மாற்றி அமைத்த வடிவம். இந்திய விமானப் படை 2019-இல் சேர்த்துக்கொண்ட சினூக்கைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் தெரிந்திருக்கும்: நீண்ட உடல், முன்னும் பின்னும் இரண்டு பெரிய ரோட்டார். பக்கவாட்டில் பருத்த எரிபொருள் தொட்டிகள், உள்ளே வரிசைக்கு நான்காக 44 இருக்கைகள், தலைக்கு மேல் பை வைக்கும் அடுக்கு, ஒரு பணியாளர் என்று ஜெட் விமானத்தின் அறையைப் போலவே உள்ளே அமைத்திருந்தார்கள். 1981 ஜூலையில் சேவை தொடங்கியது. அபர்டீனிலிருந்து நேராக பிரென்ட் போய்விடலாம். மொத்தம் ஆறு வாங்கினார்கள். அந்தக் காலத்தில் இது துணிச்சலான முடிவு. எண்ணெய் விலை உயர்ந்திருந்த ஆண்டுகளில் அது சரியான முடிவாகவும் தெரிந்தது.

முன்னால் நடந்த இரண்டு நிகழ்வுகள்

1986-க்கு முன்பே நிறுவனம் இரண்டு முறை கடலைச் சந்தித்திருந்தது.

1983 ஜூலை 16 அன்று, பென்சான்ஸிலிருந்து சில்லித் தீவுக்குப் போன எஸ்-61என் ஒன்று, மங்கலான வானிலையில் தாழப் பறந்தபோது தன்னையறியாமல் இறங்கி, அமைதியான கடலில் மோதியது. 26 பேரில் 20 பேர் இறந்தார்கள். இயந்திரத்தில் கோளாறு இல்லை. கடலும் வானமும் ஒரே நிறமாகத் தெரியும் நாளில், கண்ணை நம்பிப் பறந்ததுதான் பிரச்சினை. உயரம் குறைவதைக் குரலாகவோ ஒலியாகவோ எச்சரிக்கும் கருவி அதில் இல்லை. விசாரணைக்குப் பின் அந்தக் கருவி பயணிகள் ஹெலிகாப்டர்களில் வந்தது.

1984 மே மாதம், ஒரு சினூக் கட்டுப்பாட்டுக் கோளாறால் வட கடலில் இறங்க நேர்ந்தது. அதிலும் 47 பேர். அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஹெலிகாப்டர் கவிழ்வதற்கு முன் எல்லோரும் வெளியேற அவகாசம் கிடைத்தது. இந்த நிகழ்வு சினூக் மேல் ஒரு நம்பிக்கையைத் தந்திருக்கும் என்றே நினைக்கிறேன்: கடலில் இறங்கினாலும் மிதக்கும், ஆட்கள் தப்பலாம். ஆனால் அது விமானி தன் கட்டுப்பாட்டில் இறக்கிய நிகழ்வு. இரண்டு ஆண்டு கழித்து நடந்ததில் இறக்குவதற்கு எதுவுமே மிச்சமில்லை.

இயந்திரத்தின் உள்ளே

விபத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதி தேவை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சினூக்கின் இரண்டு ரோட்டார்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று பிளேடுகள். இரண்டு ரோட்டார்களின் சுற்றுவட்டங்களும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஒரு கையின் விரல்களுக்கு இடையே மற்றக் கையின் விரல்கள் நுழைவது போல, முன் பிளேடுகளின் இடைவெளியில் பின் பிளேடுகள் கடந்து போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும், தவறாமல். இதை உறுதிசெய்வது ஒரே ஒரு இயந்திரத் தொடர்புதான். இன்ஜின்கள் இரண்டும் பின்னால் இருக்கின்றன. அவற்றின் விசை ஒரு பொதுக் கியர்பாக்ஸில் சேர்ந்து, கூரையோடு ஓடும் நீண்ட தண்டு வழியாக முன் கியர்பாக்ஸுக்கு வருகிறது. அங்கே சாய்வான பற்கள் கொண்ட ஒரு சிறிய பற்சக்கரம் (பெவல் பற்சக்கரம்), பெரிய வளைய வடிவப் பற்சக்கரத்தைச் சுற்றி, கிடைமட்டச் சுழற்சியை செங்குத்தாகத் திருப்புகிறது. அந்த வளையத்தைத்தான் ரிங் கியர் என்கிறார்கள்.

ஒற்றை ரோட்டார் ஹெலிகாப்டரில் இன்ஜின் நின்றால்கூட, காற்றின் விசையில் சுழலும் ரோட்டாரைக் கொண்டு மெதுவாக இறங்க வழி உண்டு. சினூக்கிலும் இன்ஜின்கள் நின்றால் அது முடியும். ஆனால் இரண்டு ரோட்டார்களுக்கும் இடையிலான ஒத்திசைவு அறுந்தால் எந்த வழியும் இல்லை. இன்ஜின்கள் எவ்வளவு நன்றாக ஓடினாலும், பிளேடுகள் ஒன்றையொன்று வெட்டிவிடும்.

ஆக, அந்த ரிங் கியர் உடையவே கூடாத பாகம். அதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் வடிவமைப்பில் கிடையாது. அந்த ஹெலிகாப்டரில் இருந்தது ஆரம்ப வடிவமைப்பு அல்ல, பிறகு மாற்றி அமைக்கப்பட்ட ரிங் கியர். சோதனை முடிந்து, அங்கீகாரம் பெற்று, முறைப்படி பொருத்தப்பட்டது.

நவம்பர் 6

1986-இல் எண்ணெய் விலை சரிந்து, வட கடல் முழுக்கச் செலவுக் குறைப்பு நடந்துகொண்டிருந்தது. விபத்துக்குள்ளான ஹெலிகாப்டர் அந்த வாரம்தான் சம்பர்க்குக்கு வந்து, அங்கிருந்து பிரென்ட் வயலுக்குப் போய் வரும் பணியைத் தொடங்கியிருந்தது.

அன்று காலை இன்ஜின் கியர்பாக்ஸ் ஒன்றில் எண்ணெய்க் கசிவு தெரிந்ததால் புறப்பாடு தாமதமானது. அதைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு நடந்ததற்கும் இந்தக் கசிவுக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் நான் இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரிந்த கோளாறை அன்று யாரும் அலட்சியப்படுத்தவில்லை. நேரம் போனாலும் பரவாயில்லை என்று நிறுத்திச் சரிசெய்தார்கள். பொறுப்பில்லாத ஊழியர்கள் என்று யாரையாவது காட்டி இந்த விபத்தை எளிதாக விளக்கிவிட முடியாது.

பிரென்ட் வயலின் எண்ணெய் மேடைகளில் ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு, காலை பத்தரை மணிக்குச் சற்று முன் 44 பயணிகளோடு திரும்பியது. இரண்டு விமானிகள், ஒரு பணியாளர். பயணிகள் வேலை முறை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். பதினொன்றரை மணி அளவில் சம்பர்க்கை நெருங்கி, இறங்க அனுமதியும் கிடைத்தது. ஓடுபாதைக்குச் சில கிலோமீட்டரே பாக்கி.

அப்போது விமானி அறையில் சத்தம் அதிகமாவதை விமானிகள் கவனித்தார்கள். அப்புறம் பெரிய வெடிச் சத்தம். ரிங் கியர் முறிந்து, முன் ரோட்டாரின் ஒத்திசைவு பிசகி, பிளேடுகள் மோதிக்கொண்டன. ஹெலிகாப்டர் கடலில் விழுந்து உடைந்து மூழ்கியது. அபாயச் செய்தி சொல்லக்கூட நேரம் இருக்கவில்லை.

மீட்பு

அதே நேரம் சம்பர்க்கிலிருந்து கடலோரக் காவல் துறையின் தேடுதல் ஹெலிகாப்டர் ஒன்று வேறு பணிக்காகக் கிளம்பியிருந்தது. கடலில் உயிர்காப்பு மிதவைகள் கிடப்பதைப் பார்த்த அதன் குழுவினர் அருகில் போனார்கள். உடைந்த பாகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மிதந்துகொண்டிருந்தார். அவரைத் தூக்கும்போது இன்னொருவரும் உயிரோடு இருப்பது தெரிந்தது. ஒருவர் விமானத்தின் கேப்டன், மற்றவர் பயணி. அந்தக் குளிர்ந்த கடலில் அவர்கள் இருவரும் பிழைத்ததற்கு, அந்த ஹெலிகாப்டர் அந்த நிமிடம் அங்கே இருந்தது பெரிய காரணம். அதை ஒரு மீட்பு ஏற்பாட்டின் வெற்றியாக எண்ணிக்கொள்ள முடியாது.

விசாரணையில் தெரிந்தது

சோனார் மூலம் உடைபாடுகளைக் கண்டுபிடித்து, நீர்மூழ்கு வீரர்களை வைத்துப் பெரும்பகுதியைச் சில நாட்களிலேயே மேலே கொண்டுவந்தார்கள். பதிவுக் கருவி கிடைத்தது. முன் கியர்பாக்ஸும் கிடைத்தது. ரிங் கியரில் உலோகச் சோர்வால் வளர்ந்த விரிசல் இருந்தது. ஒரே அடியில் உடைந்த இரும்பு அல்ல. சுழற்சிக்குச் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, ஒருநாள் தாங்காமல் போனது.

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 1988-இல் வெளியிட்ட அறிக்கை, நேரடிக் காரணமாக மாற்றி அமைக்கப்பட்ட ரிங் கியரின் முறிவைச் சொல்கிறது. அதற்கு அடியில் இரண்டு காரணங்களை வைக்கிறது. ஒன்று, முன்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட சோதனைத் திட்டம் போதுமானதாக இல்லை. இரண்டாவது, கடுமையான பரிசோதனைத் திட்டம் பலன் தரவில்லை.

பரிசோதனை கடுமையாகவே இருந்தது, ஆனாலும் பலிக்கவில்லை என்று அந்த இரண்டாவது காரணம் ஒப்புக்கொள்கிறது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் பின்னணியும்

முதல் முடிவு, பாகத்தை மாற்றி அமைத்தது. பறந்துகொண்டிருக்கும் இயந்திரத்தில் இப்படிப்பட்ட மாற்றங்கள் சாதாரணம். ஒரு குறையைத் தீர்க்கவோ ஆயுளைக் கூட்டவோதான் செய்வார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், "ஏற்கெனவே சோதித்த கியர்பாக்ஸ், அதில் ஒரு பாகம்தானே மாறியிருக்கிறது" என்ற எண்ணத்தில். உடையவே கூடாத பாகத்தில் சின்ன மாற்றம் என்று ஒன்று கிடையாது. சோதனை மேடையில் அதிக விசை கொடுத்துக் குறைந்த மணி நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது பற்களின் வலிமையைக் காட்டும். ஈரமும் உப்பும் கலந்த காற்றில், மாதக்கணக்கில், நின்று நின்று ஓடும்போது உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது அப்படியே காட்டாது.

இரண்டாவது முடிவு, பரிசோதனையை நம்பிச் சேவையைத் தொடர்ந்தது. இதன் நியாயம் புரியக்கூடியதுதான். பொதுவாக கியர்பாக்ஸ்களில் எண்ணெய் ஓடும் பாதையில் காந்தச் செருகி வைத்திருப்பார்கள். பல்லோ பேரிங்கோ தேய்ந்தால் உலோகத் துகள்கள் உதிரும், காந்தத்தில் ஒட்டும், பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மேற்பரப்பு பெயரும் வகைத் தேய்மானத்துக்கு இது அருமையான முறை, இன்றும் பயன்படுகிறது. ஆனால் பற்சக்கரத்தின் உடலுக்குள் ஓடும் விரிசல் கிட்டத்தட்ட எதையும் உதிர்ப்பதில்லை. காந்தம் சுத்தமாக இருக்கும், எண்ணெய் சுத்தமாக இருக்கும், பதிவேட்டில் "சரி" என்று எழுதியிருக்கும். விரிசல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவதாக விமானிகளின் முடிவைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு: சத்தம் கேட்டதும் ஏன் உடனே கடலில் இறக்கவில்லை? இந்தக் கேள்வியே நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஓடுபாதை சில நிமிடத் தொலைவில் இருக்கிறது. எந்த அளவீட்டுக் கருவியும் ஆபத்தைக் காட்டவில்லை. ஒரு சத்தத்தை மட்டும் வைத்து, 44 பேரோடு நவம்பர் மாத வட கடலில் இறக்கும் முடிவை எந்த அனுபவமுள்ள விமானியும் எடுக்க மாட்டார். அந்தச் சத்தத்தின் பொருளைச் சொல்லும் கருவியை யாரும் அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை.

பின்னால் நடந்தவை

மாற்றி அமைக்கப்பட்ட ரிங் கியர் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. வட கடலில் சினூக்கின் பயணிகள் பணியும் முடிந்தது. பாகத்தை மாற்றிவிட்டுத் திரும்பப் பறக்க விடுவது தொழில்நுட்ப ரீதியில் முடிந்திருக்கும். ஆனால் அதில் ஏற வேண்டியவர்களின் நம்பிக்கை போய்விட்டது. ஒரே விபத்தில் 45 பேரை இழக்கக்கூடிய பெரிய ஹெலிகாப்டரைவிட, 20 பேருக்குக் குறைவாக ஏற்றும் சிறிய ஹெலிகாப்டர்களே போதும் என்ற எண்ணமும் வலுத்தது. மிச்சமிருந்த சினூக்குகள் விற்கப்பட்டன. இந்த வகைச் சினூக்குகள் அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள கொலம்பியா ஹெலிகாப்டர்ஸிடம் சேர்ந்து, மரக்கட்டைகளைத் தூக்குவது, பாரம் இறக்குவது, காட்டுத்தீ அணைப்பது என்று பல பத்தாண்டுகள் உழைத்தன. வடிவமைப்பே கெட்டது என்று இந்த இயந்திரத்தைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு அதுவே சான்று.

நிறுவனம் சில்லித் தடத்தைத் தொடர்ந்து நடத்தியது. 2012 அக்டோபர் இறுதியில் அதுவும் நின்றது. பென்சான்ஸ் ஹெலிகாப்டர் தளம் இருந்த இடத்தில் பல்பொருள் அங்காடி வந்தது. அந்தத் தீவுகளில் வளர்ந்தவர்களுக்கு எஸ்-61என் சத்தம் என்றால் வீடு திரும்பும் சத்தம். ஒரே நிறுவனத்தை ஒரு தீவுக்கூட்டம் பாசத்தோடும் இன்னொரு தீவுக்கூட்டம் துக்கத்தோடும் நினைக்கிறது. இரண்டுமே உண்மைதான்.

தொழில்நுட்பத்தில் நடந்த பெரிய மாற்றம் ஹம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கண்காணிப்பு முறை. கியர்பாக்ஸின் மேல் அதிர்வு உணரிகளைப் பொருத்தி, ஒவ்வொரு பற்சக்கரத்தின் அதிர்வையும் தனித்தனியாகப் பிரித்து, நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டு வெளியான ஹெலிகாப்டர் பாதுகாப்பு மறுஆய்வு இந்தத் திசையை ஏற்கெனவே காட்டியிருந்தது. சினூக் விபத்து அதற்கு அவசரத்தைக் கொடுத்தது. 1991-இல் வட கடலில் ஹம்ஸ் பறக்கத் தொடங்கியது. 1999-இல் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒன்பது பேருக்கு மேல் ஏற்றும் ஹெலிகாப்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. விமானி அறையில் கேட்ட அந்தச் சத்தத்தை, அது காதுக்கு எட்டுவதற்குப் பல மணி நேரம் முன்பே கேட்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

இன்னும் மாற வேண்டியது

ஹம்ஸ் வந்ததோடு பிரச்சினை தீர்ந்தது என்று எழுதி முடிக்க ஆசையாக இருக்கிறது. முடியாது.

2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் சூப்பர் பூமா வகை ஹெலிகாப்டர் ஒன்று, கியர்பாக்ஸ் முறிந்து விழுந்து 16 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன் காந்தச் செருகியில் ஒரு துகள் கிடைத்திருந்தது. அதன் பொருள் புரியவில்லை. அதிர்வுப் பதிவுகளும் எச்சரிக்கவில்லை. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் டூரே அருகே அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஹெலிகாப்டரில் கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறு பற்சக்கரம் உடைந்தது. 13 பேர் இறந்தார்கள். விரிசல் மேற்பரப்புக்கு அடியில் ஓடியிருந்தது, போதிய துகள்களை உதிர்க்கவில்லை. 1986-இல் கேட்ட அதே கேள்வி, முப்பது ஆண்டு கழித்து.

எனவே எந்தப் பராமரிப்புப் பிரிவிலும் பரிசோதனைப் பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும் என்பேன். இந்தப் பரிசோதனை எதைக் கண்டுபிடிக்கும் என்பது ஏற்கெனவே எழுதியிருக்கும். எந்த வகை முறிவை இது கண்டுபிடிக்காது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அந்தப் பத்தியில் உயிர்போகும் முறிவு ஒன்று நிற்குமானால், அதற்கு வேறொரு பரிசோதனை இருக்கிறதா என்று தேட வேண்டும்; இல்லையென்றால் அந்தப் பாகத்தின் ஆயுள் மணி நேரத்தைக் குறைக்க வேண்டும். பரிசோதனையின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது இங்கே உதவாது. பார்க்க முடியாத முறையில் இருமடங்கு பார்த்தாலும் தெரியப்போவதில்லை.

அடுத்தது மாற்றப்பட்ட பாகங்கள். உயிர்நாடியான பாகம் எதுவாக இருந்தாலும், மாற்றம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும், புதுப் பாகமாகவே எண்ணிச் சோதிக்க வேண்டும். அப்புறம், சேவைக்கு வந்த முதல் சில பாகங்களை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, குறித்த மணி நேரத்தில் கழற்றி, அறுத்து, உள்ளே பார்க்க வேண்டும். விலையுயர்ந்த, பழுதில்லாத பற்சக்கரத்தை வெட்டிப் பார்ப்பதற்கு எந்தக் கணக்குப் பிரிவும் எளிதில் சம்மதிக்காது. அதனால் அந்தச் செலவை, மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்கும் முதல் நாளிலேயே அதன் விலையோடு சேர்த்து எழுதிவிட வேண்டும்.